அடிமை மகன் சொன்ன சாட்சி

அமெரிக்கா ஒரு பெரிய நாடு. நம் நாட்டைப் போலவே அதையும் ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் ஆண்டார்கள். 1776-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அந்த நாடு விடுதலையை அறிவித்தது. நமக்கு ஆகஸ்டு 15 எப்படியோ, அவர்களுக்கு ஜூலை 4 அப்படி.

அந்த விடுதலை அறிக்கையை எழுதியவர் தாமஸ் ஜெபர்சன். எல்லா மனிதரும் சமம் என்று அதில் எழுதினார். பின்னாளில் அவர் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் ஆனார்.

ஆனால் அவர் பண்ணையில் எல்லோரும் சமமாக இருந்தார்களா? இல்லை.

அவருடைய பண்ணையின் பெயர் மான்டிசெல்லோ. அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட கறுப்பின மக்களின் வழி வந்தவர்கள். ஆடு மாடுகளைப் போல அவர்களை விற்றார்கள், வாங்கினார்கள். ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார்.

சாலியின் கதை

அந்த அடிமைகளில் ஒருவர் சாலி ஹெமிங்ஸ். 1787-இல் ஜெபர்சன் பிரான்சு நாட்டில் தூதராக இருந்தார். அவருடைய மனைவி முன்பே இறந்துவிட்டார். ஜெபர்சனின் சின்ன மகளுக்குத் துணையாக சாலியை பிரான்சுக்கு அனுப்பினார்கள். அப்போது சாலிக்கு வயது 14.

அதன் பிறகு நடந்ததைச் சாலியின் மகன் மேடிசன் சொன்னார். மேடிசன் ஒரு தச்சர். அடிமைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுத்துக்களைக் கற்றுக்கொண்டார். 1873-இல் ஒரு செய்தித்தாளில் அவருடைய வரலாறு வெளிவந்தது.

அவர் என்ன சொன்னார்? "என் தகப்பனார் ஜெபர்சன்" என்ற பொருளில் சொன்னார். பிரான்சில் இருந்தால் சாலி விடுதலை பெற்றிருக்கலாம். அதனால் அவர் அமெரிக்கா திரும்ப மறுத்தாராம். உனக்குப் பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுதலை செய்வேன் என்று ஜெபர்சன் வாக்குக் கொடுத்தாராம். அதை நம்பித்தான் சாலி திரும்பி வந்தாராம்.

இதை ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள் மறுத்தார்கள். ஜெபர்சனுடைய தங்கை மகன்தான் தகப்பன் என்றார்கள்.

பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் யாரை நம்பினார்கள்? பேரப்பிள்ளைகளைத்தான். அடிமையாகப் பிறந்தவர் பெருமைக்காகப் பொய் சொல்கிறார் என்று மேடிசனை ஒதுக்கினார்கள். 100 ஆண்டுகளுக்கும் மேல் இப்படியே போயிற்று.

ஒரே ஒரு கறுப்புச் சிறுமி

ஆனெட் கார்டன்-ரீட் 1958-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். அவரும் கறுப்பினப் பெண். அந்த ஊரில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பருக்கு ஒரு பள்ளி. அவருடைய பெற்றோர் துணிந்து அவரை வெள்ளையர் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்த்தார்கள். அங்கே அவர் ஒருவர்தான் கறுப்புக் குழந்தை.

சிறு வயதிலேயே அவர் ஜெபர்சனைப் பற்றிய ஒரு கதைப் புத்தகம் படித்தார். அதில் ஓர் அடிமைச் சிறுவன் வருகிறான். அறிவில் ஆசையே இல்லாதவனாக அவனைக் காட்டியிருந்தார்கள். அது அவர் மனத்தில் தைத்தது.

வளர்ந்த பிறகு அவர் சட்டம் படித்து வக்கீல் ஆனார். பிறகு சட்டக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். வழக்கில் இரண்டு பக்கச் சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும் அல்லவா? அதே முறையில் இந்தப் பழைய வழக்கையும் அவர் எடுத்து விசாரித்தார்.

ஒரே தராசு

ஜெபர்சன் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர். அடிமைக் குழந்தைகள் பிறந்த நாளையும் எழுதி வைத்தார். வேலை காரணமாக அவர் பல மாதங்கள் வெளியூரில் இருப்பார். ஆனால் சாலியின் ஒவ்வொரு குழந்தைக்கும் கரு உண்டான காலத்தில் அவர் பண்ணையில்தான் இருந்தார்.

பேரப்பிள்ளைகளின் பேச்சோ ஒத்துப்போகவில்லை. தங்கைக்குப் பல மகன்கள். ஒரு பேரன் ஒருவர் பெயரைச் சொன்னார். ஒரு பேத்தி இன்னொருவர் பெயரைச் சொன்னார்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1826-இல் ஜெபர்சன் இறந்தார். அவருக்கு நிறையக் கடன். 1827 ஜனவரியில் அவருடைய பண்ணை அடிமைகள் 130 பேரை ஏலம் விட்டார்கள். குடும்பங்கள் சிதறிப் போயின. ஆனால் சாலியின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளான நான்கு பேரும் விடுதலை பெற்றார்கள். மேடிசன் சொன்ன வாக்குறுதியோடு இது பொருந்துகிறது.

இவற்றை எல்லாம் 1997-இல் கார்டன்-ரீட் புத்தகமாக எழுதினார். எஜமானின் பேரன் சொன்னாலும், அடிமையின் மகன் சொன்னாலும் ஒரே தராசில்தான் நிறுக்க வேண்டும் என்று காட்டினார்.

ரத்தம் சொன்ன சாட்சி

அடுத்த ஆண்டே, 1998-இல், ஒரு மரபணுச் சோதனை நடந்தது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் வரும் கூறு ஒன்று ரத்தத்தில் உண்டு. மேடிசனின் தம்பி வழியில் வந்த ஓர் ஆணின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஜெபர்சன் குடும்பத்து ஆண்களின் கூறு அதில் இருந்தது. தங்கை மகன்களின் கூறு இல்லை.

இந்தச் சோதனை ஜெபர்சன் என்ற தனி மனிதரைக் காட்டாது. அவருடைய குடும்பத்தைத்தான் காட்டும். மற்றச் சாட்சிகளையும் சேர்த்துப் பார்த்து, இன்று பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் மேடிசன் சொன்னதை ஏற்கிறார்கள். மறுப்பவர்களும் சிலர் உண்டு.

2008-இல் கார்டன்-ரீட் ஹெமிங்ஸ் குடும்பம் முழுவதையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதற்கு 2009-இல் வரலாற்று நூலுக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. வரலாற்றுக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

மான்டிசெல்லோ இன்று ஒரு காட்சியகம். 2018-இல் அங்கே சாலியின் வாழ்க்கையைச் சொல்லும் ஓர் அறை திறக்கப்பட்டது. மேடிசன் சொன்ன செய்திகளும் அங்கே சொல்லப்படுகின்றன. அவர் இறந்து 140 ஆண்டுகள் ஆன பிறகு அவர் பேச்சுக்கு மதிப்புக் கிடைத்தது.

பேசிப் பாருங்கள்

1. மேடிசன் சொன்னதை ஏன் நம்பவில்லை?
2. கார்டன்-ரீட் என்னென்ன சாட்சிகளைப் பார்த்தார்?
3. உங்கள் ஊரின் பழைய கதையை யார் சொல்கிறார்கள்? யாரிடம் இதுவரை கேட்கவில்லை?