பள்ளிக்கு முன்னே பாட்டு

"பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர நாங்கள் என்ன படித்தவர்களா?" என்று தோட்டப்புறப் பெற்றோர் பலர் கேட்பதுண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்திற்குச் சென்று, பால் வெட்டி, நடுப்பகலில் களைத்துத் திரும்பும் தாய்க்கு இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும், ஏடறியாத தாயிடமும் ஒரு பாடநூல் உண்டு. அவள் நாவிலுள்ள பாட்டே அது.

தொட்டிலாட்டித் தாலாட்டுவதும், நிலவைக் காட்டிச் சோறூட்டுவதும், கைகொட்டி ஆடச் செய்வதும் நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது உடன்கொண்டு வந்த செல்வங்கள். ஈப்போவுக்குத் தெற்கே, கேமரன் மலைக்குச் சாலை பிரியும் சிம்பாங் பூலாய் வட்டாரத்திலும் இரப்பர்த் தோட்டங்கள் பல இருந்தன. அவற்றுள் பல இன்று இல்லை. லயங்கள் மறைந்தாலும், அங்கு வளர்ந்த பாட்டு மறைய வேண்டுவதில்லை.

பாட்டு குழந்தையின் அழுகையை அமர்த்துவதோடு நின்றுவிடுவதில்லை. பின்னாளில் அது எழுத்தறியவும் வழி செய்கின்றது. எழுத்துக் கற்குமுன் குழந்தை ஒலிகளைப் பிரித்தறிய வேண்டும். 'பட்டு', 'தட்டு' என்னும் சொற்கள் எங்கே ஒத்து, எங்கே வேறுபடுகின்றன என்பதை அதன் செவி உணரவேண்டும். நம் புலவர்கள் எதுகை, மோனை என்று வகுத்தவை இவ்வொலி ஒற்றுமைகளே.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ 400 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1983இல் தம் முடிவை வெளியிட்டனர். சில சொற்களைக் கூறி, அவற்றுள் ஒலியால் மாறுபட்ட சொல் எதுவெனக் கேட்டபோது சரியாகக் கண்டுபிடித்த பிள்ளைகள், பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் சிறந்து நின்றனர். இத்திறன் குறைந்திருந்த பிள்ளைகளுள் ஒலிப் பயிற்சியை எழுத்துகளோடு சேர்த்துப் பெற்றவர்கள் நன்கு முன்னேறினர். ஆகவே இத்திறனைப் பழக்கத்தால் வளர்க்க இயலும்.

தமிழில் இதற்குப் பஞ்சமில்லை. ஔவையாரின் ஆத்திசூடி நெடுங்கணக்கு வரிசையிலேயே அமைந்தது. பாரதியாரும் கவிமணியும் குழந்தைகளுக்காகப் பாடினர். 1944இல் 'மலரும் உள்ளம்' என்னும் நூலை வெளியிட்ட அழ. வள்ளியப்பா வங்கி ஊழியராய் இருந்தவர். நம் நாட்டில் கேரித் தீவில் பிறந்து ஆசிரியரான முரசு நெடுமாறனும் குழந்தைப் பாடல்கள் பல இயற்றியுள்ளார்.

நூல் கிடைக்கவில்லையெனில் வருந்த வேண்டாம். கண்முன் காண்பதையே பாட்டாக்கலாம். சான்றாக:

பட்டுப் பட்டென வெடிக்குது
பால்மரத்தின் காயது;
கொட்டை மூன்று சிதறுது,
கூடி எண்ணிப் பொறுக்குவோம்!

இந்நான்கு அடிகளில் 'பட்டு', 'கொட்டை' எதுகையாகவும், 'பட்டு', 'பால்' மோனையாகவும் வருகின்றன. எண்ணிக்கையும் உண்டு, காய் வெடித்து விதை சிதறும் இயற்கைப் பாடமும் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை: பச்சை இரப்பர்க் கொட்டை நஞ்சுடையது. அதை வாயில் வைக்கக் கூடாது என்பதையும் பாட்டோடு சொல்லிக் கொடுங்கள்.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகள் எளியவை. நாள்தோறும் குளித்தபின்னோ உறங்குமுன்னோ பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே பாட்டைப் பல நாள் பாடுங்கள். பெரியவர்க்குச் சலிக்கும் பாட்டே குழந்தைக்குப் பழகும் பாட்டு. பழகியபின் அடியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருங்கள். குழந்தையே அதை நிரப்பும். கைதட்டியும் குதித்தும் பாடச் செய்யுங்கள். உடலும் உறுதி பெறும். உச்சரிப்புப் பிழைத்தால் கடிந்துகொள்ளாமல், சரியான சொல்லை மீண்டும் பாடிக் காட்டுங்கள். தந்தையரும் தாத்தா பாட்டியரும் இதில் பங்குகொள்ள வேண்டும்.

கைப்பேசி பாடுகிறதே, அது போதாதா எனலாம். கைப்பேசி பாடும், ஆனால் குழந்தை தடுமாறும்போது நின்று காத்திராது, முகம் பார்த்துச் சிரிக்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் திரைமுன் அமரும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியை மிஞ்சலாகாது என்றும், அது குறைவதே நன்று என்றும் கூறியுள்ளது. மேலும், எவ்வளவு பாடினாலும் குழந்தை ஒலி வரும் திசைக்குத் திரும்பாவிட்டால், காலந்தாழ்த்தாது அரசாங்க மருந்தகத்திற்கு அழைத்துச் சென்று செவியைச் சோதிக்கச் செய்யுங்கள்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்வழி பாலர் கல்வி தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாயிற்று. எனவே பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள். ஆயினும் அவர்களின் முதல் வகுப்பு வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குகின்றது. முதலாம் ஆண்டு வகுப்பறையில் முதன்முறை நூலைத் திறக்கும் பிள்ளை, அங்குள்ள சொற்களை முன்பே செவியால் அறிந்திருந்தால் அஞ்சி ஒதுங்காது. துணிந்து வாய்விட்டுப் படிக்கும். அத்துணிவைத் தரப் பணம் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை. இன்று மாலையே ஒரு பாட்டைத் தொடங்குங்கள்.