இராவணா-1: பழுது பார்க்க இயலாத கலம்

உடப்புக் கரையிலே கரைவலை இழுத்துப் பழகியவர்க்கு வலை கிழிவது பெரிய காரியமன்று. மணலில் விரித்துப் பொத்திவிடலாம். ஒருமுறை கைவிட்டுப் போனபின் எவராலும் பொத்த முடியாத ஒரு கலத்தைச் செய்வது எத்துணைக் கடினம் என்பதை அவர்களே நன்கு உணர்வர்.

இலங்கை மாணவர் தம் கையாற் செய்த இராவணா-1 என்னும் செய்மதி அத்தகையது. யப்பானிலுள்ள கியூஷூ தொழில்நுட்ப நிறுவகத்திற் பயின்ற தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா ஆகிய இருவரும் 'பேர்ட்ஸ்-3' என்ற திட்டத்தின்கீழ் இதனை உருவாக்கினர். நேபாள, யப்பானியச் செய்மதிகளும் அத்திட்டத்திலேயே உருவாயின. புட்பக விமானத்தை நினைந்துதான் பெயரிட்டனர் போலும்! ஆயின் கலமோ உரித்த தேங்காயளவே. எடை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேல்.

அச்சிறு பெட்டிக்குள் கமெரா, மின்கலம், கணினி, வானொலிக் கருவி யாவும் அடங்கவேண்டும். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை உலகைச் சுற்றும்போது வெயிலும் கடுங்குளிரும் மாறிமாறித் தாக்கும். ஆகவே புறப்படுமுன்பே கலத்தைக் குலுக்கியும், காற்றகற்றிய அறையிலே சூடேற்றியும் குளிர்வித்தும் சோதிப்பர். இத்தகைய கலங்களில் அலைவாங்கியை மடித்து நைலோன் இழையாற் கட்டிவைப்பது வழக்கம். வெளியே விடப்பட்டு அரை மணி நேரஞ் சென்றபின் மின்சூட்டினால் இழை அறும், அலைவாங்கி விரியும். இழை அறாவிடின் கலம் ஊமையாகிவிடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு நூலிழையிலே தொங்குகிறது.

2019 ஏப்ரல் 17 இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவிலிருந்து உந்துகணையிற் சென்ற இராவணா-1, யூன் 17 இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. உயரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வேகம் விநாடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல். இவ்வேகத்தில் ஒரு தரைநிலையத்தின் வானத்தை அது கடக்க ஏறத்தாழப் பத்து நிமிடமே ஆகும். நெருங்கும்போது அதன் அலைவரிசை சற்றே உயரும், அகலும்போது தாழும். கேட்பவர் தம் கருவியையும் அதற்கேற்பத் திருப்பிக்கொண்டேயிருத்தல் வேண்டும்.

இக்கலம் அனுப்பிய படங்களைவிட, அதனைச் செய்தவர் கற்றதே பெரிதென்பது என் எண்ணம். தமக்கெனச் செய்மதியில்லாத நாடுகளின் மாணவர், திட்டமிடல் முதல் இயக்குதல் வரை எல்லாவற்றையும் ஒருங்கே பயின்று தாய்நாட்டிலும் அத்தொழிலைத் தொடங்கவேண்டும் என்பதே அத்திட்டத்தின் நோக்கம்.

இராவணா-1 இன்று வானில் இல்லை. அவ்வுயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. எதிர்த்து உந்த அதற்கு இயந்திரமில்லை. சிறுகச் சிறுக ஆற்றலிழந்து, தாழ்ந்து, எரிந்துபோயிற்று. அதனைப் பெற்ற விண்வெளி நிலையமோ உடப்புக் கடலின்மேல் அந்திவேளையிலே இன்னும் சில நாட்களில் ஒளிப்புள்ளியாய்க் கடந்து செல்கிறது.