‘செட்’ என்னும் சிறு சொல்லும் அகராதித் தொழிலும்

சூரியன் அஸ்தமிப்பதையும், முறிந்த எலும்பைப் பொருத்துவதையும், சிமெண்டு இறுகுவதையும், அச்சு கோப்பதையும் ஆங்கிலேயர் ‘செட்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறார்களே, இத்தனை அர்த்தங்களையும் இனம் பிரித்தவர் யார் என்று அன்பர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அவ்வினைச்சொல்லுக்கு மட்டும் சுமார் 430 அர்த்தங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்தெடுத்த கருவி ஒரு காகிதச் சீட்டுதான்.

1879-இல் பதிப்பாசிரியப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே விடுத்த வேண்டுகோளுக்கு இணங்கி, எண்ணற்ற வாசகர்கள் தாம் படித்த நூல்களிலிருந்து ஒரு சீட்டுக்கு ஒரு வாக்கியமாக எழுதியனுப்ப, அவர் தோட்டத்துக் கொட்டகையின் மாடக்குழிகளில் அவை வந்து குவிந்தன. ரயில்வே தபால் பிரிவில் என் தகப்பனார் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்ததைச் சிறுவயதில் வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கடிதத்தில் முகவரி உண்டு, அகராதிக்காரரோ வாக்கியத்தைப் பன்முறை படித்து, அது எந்த அர்த்தத்தைச் சேர்ந்தது என்னும் முகவரியைத் தாமே கண்டுபிடித்துக் கால கிரமப்படி அடுக்க வேண்டும்.

இத்தொழிலில் என் மனத்தை மிகவும் கவர்ந்த விசித்திரம் ஒன்றுண்டு. வாசகர்கள் அபூர்வமான சொற்களைக் கண்டவுடன் ஆவலோடு குறித்தனுப்பினார்களேயன்றி, சாதாரணச் சொற்களைப் பொருட்படுத்தவில்லை. வழக்கொழிந்த ‘அப்யூஷன்’ என்பதற்கு ஏறக்குறைய 50 சீட்டுகள் வந்திருக்க, யாவரும் வழங்கும் ‘அப்யூஸ்’ என்பதற்கு ஐந்துகூட இல்லையென்று மர்ரே வருந்தினார். அபூர்வச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஓர் அர்த்தமே உண்டு; ஓயாது உழைக்கும் சிறு சொல்லோ நூற்றாண்டுதோறும் புதுப் பிரயோகங்களைச் சேர்த்துக்கொண்டு போகிறது. ஆகவே எதற்குச் சான்று மிகுதியாக வேண்டுமோ அதற்கே பஞ்சம் ஏற்பட்டு, அதைத் தேடும் சுமையும் பதிப்பாசிரியர் குழுவின் தலையில் விழுந்தது. அண்மைக் காலத்தில் ‘ரன்’ என்னும் சிறு வினையை மறுபடி ஆராய்ந்த அவ்வகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்து 645 அர்த்தங்களைக் கண்டார்.

இவ்வளவு சிரத்தையோடு ஆக்கிய நூலை, முதல் அர்த்தத்தோடு மூடிவிடுவது நம் மாணவர்களிடையே பரவியுள்ள வழக்கம். அரிய சொற்களை மனப்பாடம் செய்பவர்களும் எளிய சொற்களை உதாசீனம் செய்கிறார்கள். கடிதம் எழுதிய அன்பர் நூலகத்தில் அவ்வகராதியை எடுத்து, ‘செட்’ என்பதன் கீழுள்ள மேற்கோள்களை முதலிலிருந்து ஆண்டு வரிசையில் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.