பழைய கார் வாங்கப் போறீங்களா? பாக்கெட்டுல காந்தம் இருக்கட்டும்!

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் விலைக்கு வருதா? பளபள பெயிண்டைப் பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.

முதலில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒரிஜினல் எஞ்சினைக் கழற்றி வேறு மாட்டியிருந்தால் மதிப்பு சரிந்து விடும். அடுத்து, கதவுக்கு அடியில் காந்தத்தை வையுங்கள். சரியாக ஒட்டலையா? துருவை மறைக்க கனமாக பட்டி பூசியிருக்காங்கன்னு அர்த்தம். டிங்கரிங் செலவை உங்க மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்க.

50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களை 'விண்டேஜ்' ஆகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதுப் பதிவுக்கு கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். அப்படிப் பதிவான வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். எந்தப் பதிவுன்னு கேட்காமல் விலை பேசாதீங்க.