முப்பது வயதுப் படகுக்கு என்ன விலை?

வீடு, மனை, நகை, வாகனம் என்று வாடிக்கையாளர்கள் நம்மிடம் ஆலோசனை கேட்கும் பொருள்களுக்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. மும்பை, கோவா, கொச்சி போன்ற கடற்கரை நகரங்களின் கிளைகளில் பணியாற்றுவோருக்கு எப்போதாவது அந்த வரிசையில் இல்லாத ஒரு கேள்வியும் வந்து சேரும்: “பழைய கண்ணாடியிழைப் பாய்மரப் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?” இக்கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை தர இயலாது. ஆனால் விடையைக் கண்டறியும் வழி உண்டு. வீடு வாங்குவோர்க்கும் அவ்வழியில் ஓரளவு பயன் இருக்கும் என்றே கருதுகிறோம்.

முதலில், பழைய படகு என்றாலே உதவாத படகு என்னும் எண்ணத்தை விலக்கிவிடலாம். நம் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டாமி 2022-23-ஆம் ஆண்டுகளில் கோல்டன் குளோப் என்னும் தனியாள் உலகச் சுற்றுப் பந்தயத்தில் 236 நாள்கள் கடலில் இருந்து இரண்டாமிடம் பெற்றார். 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட வகைப் படகுகளையே அப்பந்தயம் ஏற்கும். அவர் சென்ற படகு ரஸ்லர் 36 என்னும் வகையைச் சேர்ந்தது. 36 அடி நீளம், கண்ணாடியிழை உடல். பந்தயத்தின் மூலக் கதை இன்னும் பழையது. 1969-இல் முதன்முதலாக எங்கும் நில்லாமல் தனியாக உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’ நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகாகும்.

தேக்கு அழுகும், புழு அரிக்கும். கண்ணாடியிழைக்கு அவ்விரண்டும் இல்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவிலும் அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்திலும் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வார்க்கப்படத் தொடங்கியபோது, அவை எத்தனை ஆண்டு உழைக்கும் என்று செய்தவர்களுக்கே தெரியாது. தெரியாததால் தாராளமாகப் பிசினும் இழையும் சேர்த்துத் தடிமனாக வார்த்தார்கள். பிசின் பெட்ரோலியத்தின் வழிப் பிறப்பதால், 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அந்தத் தாராளம் குறைந்தது என்று படகுக்காரர்கள் சொல்வதுண்டு. எவ்வாறாயினும் ஐம்பது வயதைக் கடந்த கண்ணாடியிழை உடல்கள் இன்றும் உலகின் துறைமுகங்களில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஆகவே படகின் உடல் எத்தனை வயது என்பதைவிட, அவ்வுடலோடு கண்ணாடியிழை அல்லாத எவை எவை சேர்க்கப்பட்டுள்ளன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. படகு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

மேல்தளத்தை எடுத்துக்கொள்வோம். காலால் மிதித்தால் வளையாத உறுதியும் வேண்டும், எடையும் கூடக்கூடாது என்பதற்காக, இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்து ஒட்டுவார்கள். புதிதில் அது மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் கயிறு கட்டும் கொக்கி, கைப்பிடிக் கம்பி, பாய்மரத்தின் அடிப்பீடம் என ஒவ்வொன்றுக்கும் தளத்தில் துளையிட்டுத் திருகாணி இறக்கியிருப்பார்கள். அத்துளைகளின் அடைப்புப் பசை சில ஆண்டுகளில் காய்ந்து வெடிக்கும். மழைநீர் துளித்துளியாக உள்ளே இறங்கும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே மரம் சேறாகிவிடும்.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே செல்ல வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அழுகிய இடம் தொப்பென்று மந்தமாக ஒலிக்கும். தேங்காய் தட்டி வாங்கும் நம்மவர்க்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஈரமானி வைத்திருக்கும் மதிப்பீட்டாளரும் முதலில் தட்டித்தான் பார்ப்பார்.

படகின் அடிப்பகுதியில் காணப்படும் கொப்புளங்கள் வாங்க வருவோரைப் பெரிதும் அச்சுறுத்துகின்றன. மேற்பூச்சாகிய ஜெல்கோட் வழியே நீர் மெல்ல ஊடுருவி, உள்ளே கரையக்கூடிய பொருள்களோடு சேர்ந்து அமிலத் தன்மையுள்ள திரவமாகிறது. சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்துக் கொப்புளமாக வீங்குகிறது. குத்தினால் காடி போன்ற நெடி வரும். பார்ப்பதற்கு அருவருப்பாக இருந்தாலும் நாற்பது ஐம்பது சிறு கொப்புளங்களால் எந்தப் படகும் மூழ்குவதில்லை. விலையைக் குறைத்துக் கேட்க அவை நல்ல காரணம், அவ்வளவே. அடிப்பகுதி முழுவதும் கொப்புளமாகி இழை அடுக்குகளே பிரிந்திருந்தால் மட்டும் விலகிவிடுவது நலம்.

நம் கருத்தில், அஞ்ச வேண்டிய இடம் ஏராக்கட்டை. படகுக்காரர்கள் கீல் என்பார்கள். படகு கவிழாமல் காப்பது அடியில் தொங்கும் அந்த ஈய அல்லது இரும்புப் பாளமே. பல வகைப் படகுகளில் அதைச் சில திருகாணிகளே தாங்கி நிற்கின்றன. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘சீக்கி ரஃபிக்கி’ என்னும் 40 அடி கண்ணாடியிழைப் படகு வட அட்லாண்டிக்கில் கீல் பிரிந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் திரும்பவில்லை. அப்போது அதற்கு வயது எட்டுதான். முன்பு தரைதட்டியதும் அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து அப்பகுதியைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை கூறியது. ஆகவே விற்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி, “எப்போதாவது தரைதட்டியதா?” என்பதாக இருக்கட்டும். “இல்லவே இல்லை” என்ற விடை வந்தாலும், கீல் உடலோடு சேரும் கோட்டில் விரிசலோ துருக்கசிவோ தெரிகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

மும்பைக் கிளை ஒன்றின் வாடிக்கையாளர், கப்பல் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு ஜே-24 படகுக்கு விலை பேசியிருந்தார். 1970-களில் அமெரிக்காவில் ராட் ஜான்ஸ்டோன் வடிவமைத்த இவ்வகை உலகெங்கும் 5,000-க்கு மேல் செய்யப்பட்டது. 24 அடி நீளம், ஏறத்தாழ 1,400 கிலோ எடை. விரைவாகச் செல்லும், உதிரிகள் கிடைக்கும். விற்பவர் கேட்டது 6 லட்சம் ரூபாய். படகுக்குப் புதிதாக வண்ணம் தீட்டியிருந்தார்கள். நம் வாடிக்கையாளர் தம் வைப்புத்தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணம் எடுக்க விரும்பினார். அது அவரும் அவர் மனைவியும் சேர்ந்து இட்ட தொகை. முன்கூட்டியே முடிக்க இருவர் கையொப்பமும் தேவைப்பட்டது. அம்மையார் கிளைக்கு வந்தார். கையொப்பமிட மறுக்கவில்லை, இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். “இதை யாராவது விவரம் தெரிந்தவர் பார்த்தாரா? ஆண்டுக்கு எத்தனை நாள் போவீர்கள்?”

முதல் கேள்விக்காக 20,000 ரூபாய் கட்டணத்தில் கடல்சார் மதிப்பீட்டாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவரது அறிக்கை நான்கு பக்கம். பாய்மரத்தைச் சுற்றித் தளம் ஈரம். பக்கக் கம்பிகளின் இழுவிசையைத் தாங்கும் உட்தடுப்புப் பலகை அடியில் அழுகல். கீலுக்கு மேலுள்ள குழியில் வெர்மிகுலைட் என்னும் நிரப்புப் பொருள், நீரில் ஊறிய நிலையில். பழைய ஜே-24 படகுகளை அறிந்தவர்களுக்கு இம்மூன்றும் பழகிய நோய்கள். தளமும் பலகையும் சீராக்க 1,60,000, கீலைக் கழற்றிப் புதுத் திருகாணியிட 60,000, பாய்மரக் கம்பிகள் மாற்ற 50,000, ஒரு பாய் 70,000 என்று மொத்தம் 3,40,000 ரூபாய் மதிப்பீடு வந்தது. துருப்பிடிக்காத எஃகே ஆயினும் பாய்மரக் கம்பிகளை 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்றுமாறு காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகக் கேட்கும். இப்படகில் அவை கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்பதற்குக் குறிப்பே இல்லை.

இரண்டாம் கேள்விக்கு நாம் ஒரு தாளில் கணக்கிட்டோம். மும்பையில் இத்தகைய படகுகள் கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மிதவைகளில் கட்டப்பட்டிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கரையேற்றப்படும். எஞ்சிய எட்டு மாதங்களில் 25 நாள்கள் செல்வதாக அவரே சொன்னார். மிதவைக் கட்டணம், காவல் பார்க்கும் படகுக்காரர் சம்பளம், கரையேற்றும் செலவு, அடிப்பூச்சு, காப்பீடு ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் என வைத்துக்கொண்டோம். ஐந்தாண்டுக்கு 7,50,000. விலையும் முதல் பழுதும் சேர்ந்து 9,40,000. ஆக 16,90,000. ஐந்தாண்டு கழித்து 4 லட்சத்துக்கு விற்கலாம் என்று கொண்டால் மிஞ்சும் செலவு 12,90,000. வைப்பிலிருந்து எடுத்த 9,40,000-க்கு 7 விழுக்காடு தனிவட்டி இழப்பு ஐந்தாண்டில் 3,29,000. அதையும் கூட்டினால் 16,19,000. மாதத்துக்கு ஏறத்தாழ 27,000 ரூபாய். கடலில் செல்லும் ஒவ்வொரு நாளுக்கும் ஏறத்தாழ 12,950 ரூபாய்.

அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளருக்குக் கொடுத்த 20,000 வீணாயிற்றே என்பதுதான் அவர் முதலில் சொன்னது. 6 லட்சம் செலுத்திய பிறகு அதே அறிக்கையைப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அம்மையாரே எடுத்துச் சொன்னார். நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடன் பெற்று வாங்க எண்ணுவோர்க்கும் இக்கணக்கே பொருந்தும். ஒரு வரி கூடும், அவ்வளவுதான். இவ்வகைப் பழைய படகைப் பிணையமாக ஏற்பது வங்கிகளுக்குக் கடினம் என்பதால் பெரும்பாலும் தனிநபர் கடனாகவே முடியும். 6 லட்சத்துக்கு 12 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் 13,347 ரூபாய். வட்டி மட்டும் 2 லட்சத்துக்குச் சற்று மேல். கடலுக்குப் போகாத மழைக்கால மாதங்களிலும் தவணை உண்டு. வீட்டுக் கடனின் கூடுதல் தொகையை இதற்குத் திருப்பிவிடலாமா என்று கேட்போரும் உளர். குடியிருக்கும் வீட்டை மிதக்கும் பொருளுக்காக ஈட்டில் வைப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை.

பத்திரங்களைப் பற்றியும் ஒரு சொல். படகு வெளிநாட்டில் செய்யப்பட்டதாயின் சுங்க வரி செலுத்திய பில் ஆஃப் என்ட்ரி ஆவணத்தைக் கேளுங்கள். வரி செலுத்தாமல் இங்கே தங்கிவிட்ட படகைச் சுங்கத்துறை பறிமுதல் செய்ய இயலும். வாங்கியவரின் நல்லெண்ணம் அப்போது பெரிதாகத் துணை நிற்காது. உடலில் பொறித்த எண் விற்பனைப் பத்திரத்திலுள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். பதிவு பெற்ற படகானால் அதன்மேல் ஈடு ஏதும் பதியப்பட்டுள்ளதா என்று பதிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். விலையை வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

அந்த ஓய்வுபெற்ற பொறியாளர் மறு பருவத்தில் வேறொரு படகில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தார். வண்ணம் மங்கிய படகு. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் என்ன மாற்றப்பட்டது, யார் செய்தார், என்ன செலவு என்று முன்னைய உடைமையாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். தட்டிப் பார்த்ததில் தளம் முழுவதும் கணீரென்றது. விலை 4,80,000; செப்பனிட 90,000; ஒவ்வொருவருக்கும் 1,90,000 ரூபாய். வைப்புத்தொகை முடிக்கப்படவில்லை, அம்மையாரின் கையொப்பம் இம்முறை தேவைப்படவும் இல்லை. மூவரும் ஒப்பந்தம் எழுதி, எவருக்கு எந்தெந்த வார இறுதி, ஒருவர் விலகினால் பங்கை எவ்வாறு மதிப்பிடுவது, விபத்தில் பொறுப்பு யாருடையது என்பவற்றை அதில் சேர்த்துக்கொண்டார்கள். பராமரிப்புக்கெனக் கூட்டுக் கணக்கு ஒன்று திறந்து, மாதந்தோறும் தலைக்கு 4,500 ரூபாய் தானாகப் போய்ச் சேருமாறு நிலையான உத்தரவு கொடுத்திருக்கிறார்கள்.

படகு பார்க்கச் செல்வோர் மே மாத இறுதியைத் தேர்ந்துகொள்ளலாம். அப்போதுதான் படகுகளைக் கரையேற்றுவார்கள். கீலும் சுக்கானும் அடிப்பகுதியும் மறைவின்றித் தெரியும். கரையேற்றும் கூலியை விற்பவரே கொடுத்திருப்பார். பழைய உடை ஒன்றும், ஒரு டார்ச் விளக்கும், திருப்புளியும் கொண்டு செல்லுங்கள்.