ஒருமுறை போட்ட எட்டு போதுமா?

ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்தில், காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டி 18 வயதில் வாங்கும் டூவீலர் லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். இடைப்பட்ட 22 ஆண்டுகளில் பார்வை மங்கியதா, விதிகள் நினைவில் இருக்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. 40-ஐத் தாண்டிப் புதுப்பிப்பவர் மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் போதும். வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டாம்.

லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டால் மட்டும் மறுபடி தேர்வு உண்டு. புதுப்பிக்க மறந்தவரைச் சோதிக்கும் சட்டம், விதிகளை மறந்தவரை விட்டுவிடுகிறது!

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. நாடு முழுவதும் நேர்ந்த இறப்புகளில் பத்தில் ஏழுக்குக் காரணம் அதிவேகம்.

'வேகமாகப் போகிறவருக்கு விதி தெரியாதா என்ன? தேர்வன்று எல்லோரும் ஒழுங்காகத்தான் ஓட்டுவார்கள்' என்பது மறுதேர்வை எதிர்ப்பவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. கோடிக்கணக்கானவர்களை மீண்டும் எட்டு போடச் சொன்னால் வரிசை நீளும், புரோக்கர்கள் பிழைப்பார்கள், சாலை திருந்தாது. எனவே, யாருக்கு மறுதேர்வு என்பதே முக்கியம்.

ஜப்பானில் 70 வயதைக் கடந்தவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்கத் தனி வகுப்புக்குப் போக வேண்டும். 75-ஐக் கடந்தால் நினைவாற்றல் சோதனை. அந்த வயதினரில் குறிப்பிட்ட விதிமீறல்களைச் செய்தவர்கள் 2022 மே மாதம் முதல் வண்டியை ஓட்டியும் காட்ட வேண்டும். வயதோடு நடத்தையையும் கணக்கில் எடுப்பதுதான் இதன் சிறப்பு.

நாம் நடத்தையிலிருந்தே தொடங்கலாம். சிக்னலை மீறி, குடித்துவிட்டு ஓட்டி, அதிவேகத்தில் போய்த் திரும்பத் திரும்பப் பிடிபடுபவர், எந்த வயதினரானாலும், அபராதத்தோடு தப்பக் கூடாது. போக்குவரத்து நிறைந்த சாலையில் ஓட்டிக் காட்டித் தேறினால்தான் லைசென்ஸ் என்றாக வேண்டும். மற்றவர்களுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை முறையான கண் பரிசோதனையும், விதிகள் பற்றிய சிறு கணினித் தேர்வும் போதும். ஸ்டீயரிங்கை நம்பிக் குடும்பம் நடத்தும் ஓட்டுநர் தேறாவிட்டால், இலவசப் பயிற்சியும் இன்னொரு வாய்ப்பும் தருவது அரசின் கடமை.

லைசென்ஸ் ஆயுள் சாசனம் அல்ல. மற்றவர்களின் உயிரை நம்பி ஒப்படைக்கும் அனுமதி அது. தகுதி இருக்கும்வரைதான் அது செல்ல வேண்டும். சட்டம் மாறும்வரை காத்திருக்காமல், இந்த மாதமே உங்கள் கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.