வீட்டுத் தோட்டத்து மிளகுக் கொடியைக் கவாத்து செய்தல்

கேரளத்தின் வீட்டு வளவுகளில் பலா, மா, கமுகு, முள்முருங்கை முதலிய மரங்களைப் பற்றிப் படரும் மிளகுக் கொடியைக் கவாத்து செய்வோர் சிலரே. காய் பறிக்கும் நாட்கள் தவிர மற்றைக் காலங்களில் அது தன்போக்கில் விடப்படுகிறது. யாரேனும் கத்தியை எடுக்கும்போதும், வெட்டத்தக்கது எது, தொடத்தகாதது எது என்பது தெரியாமையால், காய்க்கும் கிளைகள் வெட்டுண்டு, வெட்ட வேண்டிய கொடிகள் மண்ணிலேயே கிடக்கின்றன. முன்னதால் அடுத்த ஆண்டு விளைச்சல் குறையும். பின்னதால் கொடியே அழியவும் கூடும்.

மிளகுக் கொடியின் தண்டுகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. மரத்தைப் பற்றி நேராக ஏறும் தண்டின் கணுக்களில் பற்றுவேர்கள் தோன்றும். அத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் கிளைகளில் பற்றுவேர் இராது. மிளகுக் கதிர் இக்கிளைகளில்தான், இலைக்கு எதிர்ப்புறமாக வெளிவரும். அடித்தண்டிலிருந்து கிளம்பி மண்மீது ஊர்ந்து செல்வது ஓடுகொடி. இவை தவிர, உச்சியிலிருந்து பற்றுக்கோடின்றித் தொங்கும் கொடிகளும் உண்டு. ஏறுதண்டில் ஒரு துண்டையும் பக்கக்கிளையில் ஒரு துண்டையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்து, கணுக்களை விரலால் தடவிப் பார்க்கச் செய்தால் மாணவர்கள் வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

ஜூன் மாத மழையில் பக்கக்கிளைகள் புதுத் தளிர் விடும்போதே கதிர்களும் தோன்றுகின்றன. ஆதலின், அடர்ந்துவிட்டது என்று கருதி நலமான பக்கக்கிளைகளை நறுக்குவது தவறு. காய்ந்தவை, நோயுற்றவை, மண்ணைத் தொடுமளவு தாழ்ந்தவை ஆகியவற்றையே நீக்குதல் வேண்டும்.

ஓடுகொடிகளின் செய்தி வேறு. மண்ணில் வாழும் ஃபைட்டாஃப்தோரா என்னும் நுண்ணுயிரி மழைக்காலத்தில் பெருகி, தெறிக்கும் நீர்த்துளிகளின் வழியே தாழ்ந்த இலைகளையும் ஓடுகொடிகளையும் முதலில் பற்றுகிறது. இலைகளில் கருமையான புள்ளிகள் காணப்படும். அது அடித்தண்டை அடைந்துவிட்டால் சில வாரங்களிலேயே கொடி முழுவதும் வாடி மடியும். விரைவு வாடல் எனப்படும் இந்நோய் கண்டபின் கொடியைக் காப்பாற்றுவது அரிது. எனவே பருவமழை தொடங்குமுன் ஓடுகொடிகளை வெட்டிவிட வேண்டும், அல்லது தூக்கி மரத்தோடு கட்டிவிட வேண்டும். முள்முருங்கை, சீமைக்கொன்றை போன்ற படர்மரங்களின் கிளைகளையும் அப்போதே கழித்துவிட்டால் கொடிக்கு ஒளியும் காற்றும் கிடைக்கும். வெட்டிய தழை மூடாக்காக உதவும். அடித்தண்டில் போர்டோ பசையைப் பூசுவதும், 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்னும் அளவில் தயாரித்த போர்டோ கலவையைத் தெளிப்பதும் நலம். டிரைக்கோடெர்மா இடும் தோட்டங்களில் இரண்டையும் ஒருசேர இடலாகாது. செம்பு அப்பூஞ்சையைக் கெடுத்துவிடும்.

வெட்டிய ஓடுகொடி வீணாவதில்லை. நன்கு காய்க்கும், நோயற்ற தாய்க்கொடியின் ஓடுகொடிகளை முன்கூட்டியே குச்சிகளில் சுருட்டி மண்படாமல் வைத்திருந்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெட்டி, நுனியையும் அடியையும் ஒதுக்கி, நடுப்பகுதியை 2 அல்லது 3 கணுக்கள் கொண்ட துண்டுகளாக்கிப் பைகளில் நடலாம். வேர்பிடித்த கன்றுகளை ஜூன் இறுதியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில் நடுவது மலையாள நாட்டு வழக்கம். போர்ச்சுகீசியர் மிளகுக் கொடிகளைக் கொண்டுபோனபோது, கொடிகளை அவர்கள் கொண்டுபோகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாது என்று கோழிக்கோட்டுச் சாமூதிரி சொன்னதாக ஒரு கதை அங்கு வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, மிளகுக்கும் மழைக்கும் உள்ள உறவை அது நன்கு காட்டுகிறது.

ஓடுகொடியிலிருந்து வளர்ந்த இளங்கொடி சில வேளை அடியில் கிளையின்றி உயரமாக மட்டும் ஏறும். அதனை மரத்திலிருந்து மெதுவாகப் பிரித்து, அடியைச் சுற்றிப் பறித்த ஆழமற்ற குழியில் வளைத்துப் புதைத்து, நுனியை மட்டும் மீண்டும் மரத்தோடு கட்டினால், புதைந்த கணுக்கள் வேர்விட்டுப் புதுத் தண்டுகள் எழும். முதிர்ந்த கொடியின் உச்சியை 6 மீட்டருக்கு மேல் போகாமல் வெட்டிவிடுவது நன்று. ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிக் காய் பறிப்பவரின் உயிருக்கு அஃது ஒரு பாதுகாப்புமாகும்.

இடம் சுருங்கிய வீடுகளுக்குப் புதர்மிளகு ஏற்றது. பக்கக்கிளையை வேர்பிடிக்கச் செய்து தொட்டியில் வளர்த்தால், அது ஏறாமல் புதராகவே நின்று காய்க்கும். இதன் அடியிலிருந்து எப்போதேனும் பற்றுவேருடைய ஏறுதண்டு கிளம்பினால் உடனே நீக்கிவிட வேண்டும். இல்லாவிடில் செடியின் வலுவை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த பைப்பர் கொலூப்ரைனம் என்னும் காட்டினத்தின்மீது ஒட்டிய புதர்ச்செடிகள் வாடல் நோயை எதிர்த்து நிற்கும். ஆனால் ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவை மிளகு அல்ல. அவற்றை வளரவிட்டவர் சில காலத்தில் மிளகுச்செடியை இழந்து, காட்டுச்செடிக்கு நீரூற்றிக்கொண்டிருப்பார்.